குளிர்காலத்து இரசம்: ஒரே சட்டியில் அம்மம்மாவுக்கும் கைக்குழந்தைக்கும்



மார்கழித் திருவெம்பாவைப் பூசைக்கு விடியற்காலையில் வரும் குடும்பங்களிலே, கம்பளித் தொப்பிக்குள் முகம் மட்டும் தெரியும் கைக்குழந்தைகளையும் காண்கின்றோம். மூக்குச் சிந்தலும் இருமலும் இந்நாட்டுக் குளிர்காலத்தோடு ஒட்டிப் பிறந்தவை. பூசை முடிந்து வீடு திரும்பியதும் நம்மவர் வீடுகளில் அடுப்பில் ஏறுவது பெரும்பாலும் இரசச் சட்டிதான். பெரியவர்கள் பேணியில் ஊற்றி ஊதி ஊதிக் குடிப்பார்கள். அப்போதுதான் கேள்வி எழும்: பிள்ளைக்கும் கொஞ்சம் கொடுக்கலாமா?

அம்மம்மாமாரைக் கேட்டால், "நீங்கள் எல்லோரும் இரசத் தண்ணி குடித்து வளர்ந்த பிள்ளைகள்தானே" என்பார்கள். இளந்தாய்மாரோ கடைப் போத்தலில் அடைத்த குழந்தை உணவைத் தவிர வேறொன்றையும் பிள்ளையின் வாயில் வைக்கப் பயப்படுகின்றார்கள். இந்த இரு பகுதியினரிடத்தும் பாதி உண்மை உண்டு என்பது நமது எண்ணம். நமது சமையலறை மணத்தைப் பிள்ளை பழக வேண்டும். அதே வேளை பெரியவர்களுக்கென்று முடித்த இரசம் பிள்ளைக்கு ஆகாது. இதற்காக இரண்டு சட்டி வைக்கத் தேவையில்லை. எந்தப் பொருளை எப்போது சட்டியில் போடுகின்றோம், எந்த நேரத்தில் பிள்ளைக்கு அகப்பையால் எடுக்கின்றோம் என்பதில்தான் விடயம் இருக்கின்றது. இந்த இதழின் சமையற் பாடத்தில் அதையே விளக்க முயல்கின்றோம்.

முதலில் வயதைப் பற்றி ஒரு வார்த்தை. ஏறத்தாழ ஆறு மாதம் வரை பிள்ளைக்குப் பால் மட்டுமே உணவு. இது தாய்ப்பாலாக இருக்கலாம், குழந்தைகளுக்கான புட்டிப்பாலாக இருக்கலாம். உலக சுகாதார நிறுவனமும் இந்நாட்டுத் தேசிய சுகாதார சேவையும் ஒரே குரலில் சொல்வது இது. நமது வழக்கத்திலும் ஆறாம் மாத அளவில்தான் சோறு தீத்தும் வைபவத்தை ஆலயத்தில் வைத்துக்கொள்கின்றோம். ஆகவே மூன்றாம் நான்காம் மாதத்திலே "சும்மா நாக்கில் தொட்டு வைக்கிறேன்" என்று இரசத்தைத் தொட்டு வைப்பதற்கு வைத்தியமும் இடம் தரவில்லை, நமது சடங்கு முறையும் இடம் தரவில்லை. அந்த மாதங்களில் இரசம் குடிக்க வேண்டியவர் தாயார்தான். தாய் உண்ணும் உள்ளியின் மணம் தாய்ப்பாலிலும் வருகின்றது என்று ஆராய்ச்சியாளர் கண்டிருக்கின்றார்கள். பிள்ளை பெற்ற வீட்டில் உள்ளியும் மிளகும் நற்சீரகமும் சேர்த்துச் சரக்கு அரைத்துக் கொடுத்த நமது பெரியவர்கள், தம்மை அறியாமலே பேரப்பிள்ளைக்கும் அந்த மணத்தை அறிமுகம் செய்து வைத்திருக்கின்றார்கள்.

இனிச் சமையலுக்கு வருவோம். பெரியவர் நால்வர், ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளை ஒருவர், கைக்குழந்தை ஒன்று உள்ள வீட்டுக்கு இந்த அளவு போதும். மைசூர்ப் பருப்பு அரைக் கோப்பை, நன்கு பழுத்த தக்காளி இரண்டு, உள்ளி எட்டுப் பல்லு, மல்லி இரண்டு மேசைக்கரண்டி, நற்சீரகம் இரண்டு தேக்கரண்டி, மிளகு ஒன்றரைத் தேக்கரண்டி, மஞ்சள் கால் தேக்கரண்டி, தேசிக்காயிற் பாதியளவு பழப்புளி, உப்பு ஒன்றரைத் தேக்கரண்டி. தாளிக்க நல்லெண்ணெய், கடுகு, செத்தல் மிளகாய் இரண்டு, கறிவேப்பிலை, ஒரு சிட்டிகை பெருங்காயம். விரத நாட்களில் உள்ளி சேர்க்காதவர்கள் அதற்குப் பதிலாக ஒரு துண்டு இஞ்சியைத் தட்டிப் போடலாம்.

யாழ்ப்பாணத்து இரசத்தில் பருப்புச் சேர்ப்பது குறைவு. தெளிவாக, குடிப்பதற்கென்றே வைப்போம். பருப்பு இரசம் தமிழ்நாட்டு வழக்கு. இங்கே பருப்பைச் சேர்ப்பது பிள்ளையை முன்னிட்டு. காரணத்தைப் பின்னர் சொல்கின்றோம்.

பருப்பைக் கழுவி, இரண்டரைக் கோப்பைத் தண்ணீர், மஞ்சள், தோல் நீக்கி வெட்டிய தக்காளி, இரண்டு பல்லு உள்ளி ஆகியவற்றுடன் அவிய விடுங்கள். மைசூர்ப் பருப்பு ஊறவைக்காமலே இருபது நிமிடத்தில் கரைந்துவிடும். உப்பு இப்போது போட வேண்டாம். பருப்பு அவிகின்ற நேரத்தில் மல்லியையும் நற்சீரகத்தையும் வெறுஞ்சட்டியில் மணம் வரும்வரை வறுத்து அரைத்துக்கொள்ளுங்கள். மிளகைத் தனியாக இடியுங்கள். வழமையாக மூன்றையும் ஒன்றாகப் போட்டு இடித்துவிடுவோம். இந்தப் பாடத்தில் அப்படிச் செய்யக்கூடாது. மிளகு தனியாக இருந்தால்தான் பிள்ளையின் பங்கில் அது சேராமல் பார்த்துக்கொள்ளலாம்.

பருப்பு கரைந்ததும் மல்லி, நற்சீரகத் தூளில் அரைத் தேக்கரண்டியை மட்டும் சேர்த்து ஐந்து நிமிடம் கொதிக்க விடுங்கள். இப்போது முதலாவது அகப்பை. சட்டியின் அடியில் உள்ள தடித்த பருப்பிலிருந்து மூன்று நான்கு மேசைக்கரண்டி எடுத்துத் தனிக் கிண்ணத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இது கைக்குழந்தையின் பங்கு. உப்பில்லை, புளியில்லை, மிளகில்லை, மிளகாயில்லை. ஆனால் மல்லியும் நற்சீரகமும் உள்ளியும் சேர்ந்த நமது இரசத்தின் மணம் அதில் இருக்கின்றது.

அதன் பின் சட்டியில் நான்கு கோப்பைத் தண்ணீர் ஊற்றி, கரைத்த புளி, மீதி உள்ளியைத் தட்டியது, மீதி மல்லி நற்சீரகத் தூள், அரைத் தேக்கரண்டி உப்பு, மிளகில் ஒரு சிட்டிகை சேருங்கள். புளியின் பச்சை வாசனை போனதும் இரண்டாவது அகப்பை. ஒரு வயது கடந்து, ஐந்து வயது நிரம்பாத பிள்ளைகளுக்கு அரைக் கோப்பை எடுத்து வடித்து வையுங்கள். மிச்சத்தில் மீதி மிளகையும் ஒரு தேக்கரண்டி உப்பையும் போட்டு, நுரை கூடி மேலே எழும்பும் நேரத்தில் அடுப்பை அணைத்து, தாளிதத்தைக் கொட்டி மூடிவிடுங்கள். இரசத்தைத் தளதளவென்று கொதிக்க விட்டால் மணம் ஆவியோடு போய்விடும் என்று நமது தாய்மார் சொன்னது சரியே. மல்லிக்கும் நற்சீரகத்துக்கும் மணம் தருவன எளிதில் ஆவியாகும் எண்ணெய்கள். வீடெல்லாம் மணக்கும், சட்டியில் மணம் இராது.

இரத்த அழுத்தம் உள்ள பெரியவர் வீட்டில் இருந்தால், அவருக்கும் கடைசி உப்புப் போடுமுன் ஒரு கோப்பை எடுத்து, மிளகும் தேசிப்புளியும் கூட்டிக் கொடுக்கலாம். புளிப்புக் கூடினால் உப்புக் குறைவு தெரியாது.

சிலர் கேட்பார்கள், "முடித்த இரசத்தில் கொஞ்சம் எடுத்துச் சுடுதண்ணீர் விட்டுக் கலந்து கொடுத்தால் என்ன?" என்று. அது சரிவராது. அதற்கு இரண்டு காரணங்கள் உள்ளன.

ஒன்று உறைப்பு. மிளகாயின் உறைப்புக்குக் காரணமான பொருள் எண்ணெயில் கரையும், தண்ணீரில் அவ்வளவாகக் கரையாது. மிளகின் காரமும் அவ்வாறே. தாளிதத்தைக் கொட்டியதும் செத்தல் மிளகாயின் உறைப்பு எண்ணெயோடு சேர்ந்து மேலே மிதக்கின்றது. நாம் மேலாக அகப்பை விட்டு எடுப்பது அந்த எண்ணெயைத்தான். அதில் எவ்வளவு தண்ணீர் விட்டாலும் எண்ணெய்த் துளி துளியாகவே நிற்கும். பிள்ளையின் நாக்கில் முழுக் காரத்தோடு படும். உறைத்து அழும் பிள்ளைக்குத் தண்ணீர் கொடுத்தாலும் அடங்காது. பால் அல்லது தயிர் கொடுத்தால் அடங்கும் என்பதற்கும் இதுவே காரணம்.

மற்றது உப்பு. ஒரு தேக்கரண்டி மட்டமாக எடுத்தால் ஏறத்தாழ 6 கிராம் உப்பு. வளர்ந்தவர் ஒருவருக்கு ஒரு நாளைக்கு அதுதான் உச்ச அளவு என்று இந்நாட்டுச் சுகாதார சேவை சொல்கின்றது. ஒன்று முதல் மூன்று வயது வரை 2 கிராம். ஒரு வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு ஒரு கிராமிலும் குறைவு. அந்தச் சிறு அளவும் பாலிலும் மற்ற உணவிலும் இயல்பாகவே வந்து சேர்ந்துவிடுகின்றது. நமது சட்டியில் ஒன்றரைத் தேக்கரண்டி, அதாவது 9 கிராம் உப்புப் போட்டு ஆறு கோப்பை இரசம் வருகின்றதென்றால், ஒரு கோப்பையில் ஒன்றரைக் கிராம். அரைக் கோப்பை கொடுத்தாலே கைக்குழந்தையின் ஒரு நாள் அளவை நெருங்கிவிடுகின்றோம். அந்த வயதில் சிறுநீரகம் முற்றாக முதிர்ச்சி அடைந்திராது; அதிக உப்பை வெளியேற்ற அதனால் முடியாது. இரண்டாவது அகப்பையில் எடுத்த அரைக் கோப்பையிலோ கால் கிராம் உப்புத்தான் இருக்கும். கடையில் விற்கும் இரசப் பொடி, இரசப் பசை, சூப்புக் கட்டி ஆகியவற்றில் பெரும்பாலும் உப்பு ஏற்கனவே சேர்ந்திருக்கும். பெட்டியின் பின்புறத்தை வாசித்துப் பாருங்கள். கைக்குழந்தை உள்ள வீட்டில் இவற்றை முதற் சட்டியில் போடாதிருப்பதே நல்லது.

இனி, பருப்பு ஏன் என்ற கேள்வி. இதுதான் இந்தப் பாடத்தில் நாம் மிகவும் வலியுறுத்த விரும்புவது. பிள்ளையின் வயிறு சிறியது. தெளிந்த இரசத் தண்ணீரைப் பத்துக் கரண்டி கொடுத்தால் வயிறு நிறைந்துவிடும். ஆனால் உடம்பில் ஒட்டுவது ஒன்றுமில்லை. பாலும் குடியாது, சோறும் உண்ணாது. "பிள்ளை இரசம் நன்றாகக் குடிக்கிறான், ஆனால் நிறை கூடவில்லை" என்று சொல்லும் தாய்மாருக்கு நாம் சொல்வது, தண்ணீரைக் குறையுங்கள், தடிப்பைக் கூட்டுங்கள் என்பதே. தாயின் வயிற்றிலிருந்து பிள்ளை கொண்டுவந்த இரும்புச் சத்து ஏறத்தாழ ஆறு மாதத்தில் குறையத் தொடங்குகின்றது. பருப்பில் இரும்பும் உண்டு, புரதமும் உண்டு. தக்காளியில் உள்ள உயிர்ச்சத்து சி, பருப்பில் உள்ள இரும்பை உடல் ஏற்றுக்கொள்ள உதவுகின்றது. மரக்கறி உணவே உண்ணும் குடும்பங்களுக்கு இது பெரிய விடயம். ஆகையால் பிள்ளையின் பங்கு கரண்டியைச் சரித்தாலும் உடனே வழியாத அளவுக்குத் தடிப்பாக இருக்க வேண்டும்.

அந்தப் பருப்பை நன்கு குழைந்த சோற்றுடன் மசித்து, அரைத் தேக்கரண்டி நெய் அல்லது உப்பில்லாத வெண்ணெய் சேர்த்துக் கொடுங்கள். தொடக்கத்தில் வடியில் தேய்த்து மெதுமையாகக் கொடுத்தாலும், ஏழு எட்டு மாதத்தில் சிறு கட்டிகளோடு கொடுக்கப் பழக்க வேண்டும். பத்து மாதமளவில் இட்டலித் துண்டைப் பருப்பில் தோய்த்துக் கையில் கொடுத்துவிடலாம். மேசையும் நிலமும் மஞ்சளாகும். அதைப் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

முதல் முறையிலேயே எல்லாவற்றையும் கூட்டிக் கொடுக்க வேண்டாம். சில நாள் வெறும் பருப்பும் சோறும், பின் தக்காளி, அதன் பின் நற்சீரகம், மல்லி, உள்ளி என்று ஒவ்வொன்றாகச் சேர்த்து வந்தால், எதுவும் ஒத்துக்கொள்ளாவிட்டால் எது என்று தெரியவரும். தக்காளிச் சாறு பட்ட இடத்தில் சில பிள்ளைகளுக்கு வாயைச் சுற்றிச் சிவக்கும், துடைத்துவிட்டால் மறையும். உடம்பெங்கும் தடிப்பு, முக வீக்கம், மூச்சு விடச் சிரமம் என்றால் அது வேறு; உடனே 999 அழையுங்கள். கடுகும் எள்ளும் ஒவ்வாமை தரக்கூடியவை என்று இந்நாட்டுச் சட்டம் குறிப்பிடும் பதினான்கு பொருட்களில் உள்ளன. நல்லெண்ணெய் எள்ளிலிருந்து வருவது என்பதை அநேகர் நினைப்பதில்லை. கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மா கலந்திருக்கும். கோதுமை ஒத்துக்கொள்ளாதவர் உள்ள வீட்டில் இதைக் கவனிக்க வேண்டும். கைக்குழந்தைக்குப் பெருங்காயத்தைக் கரைத்துக் கொடுக்கும் பழக்கத்தை நாம் ஆதரிக்கவில்லை. முழு மிளகு, கறிவேப்பிலைக் காம்பு, உள்ளித் துண்டு இவை ஒன்றும் சிறு பிள்ளையின் கிண்ணத்தில் போகாமல் வடித்துக்கொள்ள வேண்டும், தொண்டையில் அகப்படும்.

இவ்விடத்தில் மிளகைப் பற்றிச் சிறிது கதைப்போம். இந்நாட்டுக் கடைகளில் "மலிகட்டானி" என்ற பெயரில் தகரத்தில் அடைத்த சூப்பை நீங்கள் கண்டிருப்பீர்கள். அந்தப் பெயர் நமது "மிளகுத்தண்ணீர்" என்ற சொல்தான். பதினெட்டாம் நூற்றாண்டில் தென்னிந்தியாவில் இருந்த ஆங்கிலேயர் நமது மிளகுத்தண்ணீரைக் குடித்துப் பழகி, இறைச்சியும் கறித்தூளும் சேர்த்து, பெயரைத் தம் வாய்க்கேற்ப மாற்றிக்கொண்டு ஊர் திரும்பினார்கள். அந்தத் தகரத்துச் சூப்பை இரசம் என்று நம்பிக் குடித்தால் ஏமாற்றமே மிஞ்சும்! ஆனாலும், தமிழ்ப் பள்ளியில் படிக்கும் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக் காட்டுங்கள். ஆங்கில அகராதியில் இருக்கும் தமிழ்ச் சொற்களில் இதுவும் ஒன்று. மிளகாய் நமது ஊர்ப் பயிரன்று. அமெரிக்கக் கண்டத்திலிருந்து போர்த்துக்கேயர் வழியாக வந்தது. தக்காளியும் அக்கண்டத்தைச் சேர்ந்ததே. அதற்கு முன் நமது முன்னோரின் இரசத்தில் காரம் என்றால் மிளகுதான், புளிப்பு என்றால் புளிதான். ஆகவே, "மிளகாய் இல்லாமல் என்ன இரசம்?" என்று கேட்பவர்களுக்கு, மிளகாய் இல்லாத இரசமே மூத்தது என்று பதில் சொல்லலாம்.

பாத்திரம் பற்றியும் சொல்ல வேண்டும். நமது ஆலயக் குடும்பங்களில் தமிழ்நாட்டைச் சேர்ந்தவர்களும் இருக்கின்றார்கள். அவர்களில் சிலரது வீட்டில் பாட்டி தந்த ஈயச்சொம்பு இருக்கும். அதில் வைக்கும் இரசத்தின் சுவையே தனி என்பார்கள். ஈயம் என்ற ஒரே சொல் தமிழில் இரண்டு உலோகங்களைக் குறிக்கின்றது. வெள்ளீயம் வேறு, காரீயம் வேறு. சொம்பு செய்ய வேண்டியது வெள்ளீயத்தில். அது 232 பாகை செல்சியசில் உருகிவிடும் என்பதால்தான் வெறும் சொம்பை ஒருபோதும் அடுப்பில் வைப்பதில்லை. காரீயமோ நஞ்சு, புளி போன்ற புளிப்புப் பொருள் பட்டால் கரைந்து உணவில் சேரும், வளரும் பிள்ளையின் மூளையைப் பாதிக்கும். வாங்கிய சொம்பில் காரீயம் கலந்திருக்கின்றதா என்பதைக் கண்ணால் பார்த்து அறிய முடியாது. ஆகையால் பிள்ளைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் எவர்சில்வர்ப் பாத்திரத்திலேயே சமையுங்கள். சொம்பு பாட்டியின் நினைவாக அலுமாரியில் இருக்கட்டும். இதே காரணத்துக்காக மஞ்சள் தூளையும் கவனித்து வாங்க வேண்டும். நிறம் கூட்டுவதற்காக மஞ்சளில் ஈயக் குரோமேட் என்ற நிறப்பொருளைக் கலந்துவந்தது வங்காளதேசத்தில் 2019இல் ஆய்வுகளால் வெளிவந்து, அங்கு அரசு கடும் நடவடிக்கை எடுத்தது. பெயரும் முகவரியும் இல்லாத பையில் யாரோ கொண்டுவந்து தரும், கண்ணைப் பறிக்கும் மஞ்சள் தூளைப் பிள்ளைக்குச் சமைக்க வேண்டாம்.

மிச்சம் வைப்பது பற்றி. ஊரிலே இரவு வைத்த இரசத்தைக் காலையில் சூடாக்கிக் குடித்திருப்போம். இங்கே குளிர்தானே என்று சட்டியை அடுப்பிலேயே விட்டுவிடுகின்றோம். வெளியேதான் குளிர், வெப்பமூட்டி போட்ட சமையலறை ஊர்ச் சமையலறை போன்றதே. இரசத்தை ஆறவைத்து இரண்டு மணித்தியாலத்துக்குள் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். சோற்றை ஒரு மணித்தியாலத்துக்குள் ஆறவைத்து உள்ளே வைத்து, மறுநாளுக்குள் முடித்துவிட வேண்டும்; சோற்றில் வளரும் ஒரு வகைக் கிருமியின் நஞ்சு மீண்டும் சூடாக்கினாலும் அழியாது. பிள்ளை உண்டு மிஞ்சியதை, எச்சிற் கரண்டி பட்டதாகையால், எறிந்துவிட வேண்டும். வேலைக்குப் போகும் தாய்மாருக்கு ஒரு சுலப வழி: முதலாவது அகப்பைப் பருப்பைக் கொஞ்சம் கூடுதலாக அவித்து, பனிக்கட்டித் தட்டில் ஊற்றி உறையவைத்தால், ஒவ்வொரு கட்டியும் ஒரு நேரப் பங்கு. மைக்ரோவேவில் சூடாக்கினால் நன்றாகக் கலக்கி, உங்கள் உதட்டில் வைத்துப் பார்த்தபின் கொடுங்கள். ஒரு பக்கம் குளிர்ந்தும் ஒரு பக்கம் கொதித்தும் இருக்கும்.

பேணி இரசமும் கொதிக்கும் தேநீரும் ஒன்றுதான். இந்நாட்டில் சிறு பிள்ளைகள் சூட்டால் வெந்துபோவதற்கு முதற் காரணம் சூடான பானங்களே. ஊற்றிப் பதினைந்து நிமிடம் சென்ற பின்னும் அது மெல்லிய தோலைப் புண்ணாக்கும். பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு இரசம் குடிக்காதீர்கள். ஆவி பிடிப்பதற்கென்று கொதிநீர்ச் சட்டியைப் பிள்ளையின் முன் வைப்பதும் வேண்டாம்.

ஆலயத்து அன்னதான மண்டபத்தில் பிள்ளைக்கு என்ன கொடுப்பது? அங்கே பெரிய அண்டாவில் ஒரே தடவையில் உப்பும் புளியும் உறைப்பும் போட்டு வைப்பதால் மூன்று அகப்பைக் கணக்கு நடவாது. கைக்குழந்தையின் உணவை வீட்டிலிருந்தே சூடு தாங்கும் குவளையில் கொண்டுவாருங்கள். மடைப்பள்ளித் தொண்டர்களிடம் முன்கூட்டியே சொன்னால், உப்புப் போடுமுன் அவித்த பருப்பில் ஒரு கிண்ணம் எடுத்துத் தருவதில் அவர்களுக்குச் சிரமம் இராது என்று நம்புகின்றோம். பஞ்சாமிர்தத்தில் தேன் சேர்கின்றது என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். ஒரு வயது நிரம்பும்வரை தேன் எந்த வடிவிலும் கூடாது. அரிதாயினும், அதிலிருக்கக்கூடிய கிருமியால் பிள்ளைக்குக் கைகால் சோரும் கொடிய நோய் வரலாம். பிரசாதத்தைப் பெற்றோர் வாங்கி உண்டு, பிள்ளைக்குத் திருநீறு மட்டும் பூசிவிட்டால் போதும். இருமலுக்கு இஞ்சிச்சாறும் தேனும் குழைத்துக் கொடுக்கும் கைவைத்தியமும் ஒரு வயதுக்குப் பின்னரே.

கடைசியாக, இரசம் எதைச் செய்யும், எதைச் செய்யாது என்பது. சளி பிடித்த பெரியவருக்கும் வளர்ந்த பிள்ளைக்கும் சூடான இரசம் தொண்டைக்கு இதமாக இருக்கும். மிளகின் காரத்தால் மூக்கடைப்பு இளகும். உடம்புக்கு நீர் சேரும். இவ்வளவும் நல்லவை. ஆனால் அது நோயை மாற்றும் மருந்தன்று. மூன்று மாதத்துக்குட்பட்ட பிள்ளைக்கு 38 பாகை செல்சியசும் அதற்கு மேலும், மூன்று முதல் ஆறு மாதம் வரை 39 பாகையும் அதற்கு மேலும் காய்ச்சல் காட்டினால், வீட்டு வைத்தியம் பார்த்துக்கொண்டிராமல் குடும்ப வைத்தியரை அல்லது 111 என்ற இலக்கத்தை அழைக்க வேண்டும். வழமையாகக் குடிக்கும் பாலில் பாதிகூடக் குடியாமல் இருப்பது, பன்னிரண்டு மணித்தியாலமாக நப்பி நனையாமல் இருப்பது ஆகியவையும் அவ்வாறே. மூச்சு இழுக்கும்போது விலாவுக்குக் கீழே தோல் உள்வாங்கினால், மூச்சு விடும்போது முனகினால், உதடு நீலம் பாய்ந்தால், எழுப்பியும் எழும்பாமல் சோர்ந்து கிடந்தால் 999. ஆங்கிலம் சரளமாகப் பேச வராத தாத்தா பாட்டிமார் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் வீடுகள் நம்மிடையே பல. 111 அழைத்து "தமிழ்" என்று ஒரு சொல் சொன்னால் மொழிபெயர்ப்பாளரை இணைத்துத் தருவார்கள். இந்த இரண்டு இலக்கங்களையும், வீட்டு முகவரியையும் தபாற் குறியீட்டையும் தமிழ் எழுத்திலேயே எழுதி, இரசப் பொடிப் போத்தல் இருக்கும் அலுமாரிக் கதவில் ஒட்டி வையுங்கள்.